பெல்ட்டு தட்டுற தாளம்

அக்கா, பங்க் மியூசிக்குக்குக் கிட்டார் கத்துக்கறது ஒண்ணும் பெரிய வித்தை இல்ல. கம்பிமேல ரெண்டு வெரல அழுத்திப் புடிச்சா ஒரு கார்டு. அதையே மேலயும் கீழயும் நகத்துனா முழுப் பாட்டும் வந்துரும். நல்ல கொரல் வேணாம், ராகம் தெரிய வேணாம். கை மட்டும் ஒரே வேகத்துல போவணும். எனக்கு அதுதான் வராது. பாதியில கை ஓட ஆரம்பிச்சிரும்.

நீங்க தூங்கியிருக்க மாட்டீங்கன்னு தெரியும். அதான் வாய்ஸ்ல பேசி அனுப்பறேன். வீட்ல எல்லாரும் படுத்துட்டாங்க, நான் மாடில தண்ணி டேங்குக்குப் பின்னாடி உக்காந்துருக்கேன். மெதுவாத்தான் பேசுவேன்.

காசி அண்ணன ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போய்ட்டாங்க. தோல் டேனரி வாட்ச்மேன் அவருதான, ஆளில்லாத ஞாயித்துக்கெழம மெஷினப் போட்டது அவராத்தான் இருக்கும்னு. மொதலாளி முனீர் பாய் வேற சொல்றாரு. ஹேமந்த் கரண்டு ஃபீஸ் கட்டையக் கழட்டாமலே டிரம்முக்குள்ள எறங்கிட்டான், தப்பு அவனோடதுன்னு. நீங்க சாவு வீட்ல ஒண்ணே ஒண்ணுதான் திருப்பித் திருப்பிச் சொன்னீங்க, என் தம்பி கட்டையக் கழட்டாம எறங்கற ஆளில்லன்னு. யாரும் காதுல வாங்கல. நீங்க சொன்னதுதான் சரிக்கா. அவன் கழட்டுனான்.

தோல ஊறப் போட்டுச் சுத்தற அந்த மர டிரம்ம நீங்க பாத்துருக்கீங்க. ஒரு ரூம் அளவுக்கு இருக்கும், உள்ள பூரா கட்டக் கட்டையா முளை அடிச்சிருக்கும். ஞாயித்துக்கெழமைல ஹேமந்த் உள்ள பூந்து அழுக்கச் சொரண்டுவான். அதுக்குப் பதிலாத்தான் முனீர் பாய் அந்த ஷெட்டுல ஹேமந்த், ஃபைஸான், நான்னு எங்க மூணு பேரையும் வாசிக்க வுட்டாரு. உள்ள போறவன் கரண்டு போர்டுல இருக்கற மூணு ஃபீஸ் கட்டையயும் புடுங்கித் தன் பாக்கெட்ல போட்டுக்கணும். வெளிய வர்ற வரைக்கும் மொதலாளியே கேட்டாலும் தரக் கூடாது. அங்க அதுதான் சட்டம். கிட்டார் சத்தத்தக் கூட்டற எங்க ஆம்ப்பும் அதே போர்டுலதான். அதனால அவன் எறங்குனா ஆம்ப்பு செத்துரும், நான் சத்தமில்லாம கம்பியத் தட்டிக்கிட்டு உக்காந்துருப்பேன்.

என் கை ஓடறதுக்கு மருந்து கண்டுபுடிச்சதும் அவன்தான். டிரம்ம சுத்தற பெல்ட்டுல ஒட்டுப் போட்ட எடம் ஒண்ணு இருக்கு. அது வீலுல ஏறும்போதெல்லாம் டப்புனு ஒரு தட்டு தட்டும். ஸ்கூல் வுட்டதும் என்னைக் கூட்டிட்டுப் போயி அதுகிட்ட நிக்க வெச்சான்.

"ஃபைஸான் டிரம்ஸுல ஏமாத்துவான், நான் பாட்டுல ஏமாத்துவேன். இந்த பெல்ட்டு ஏமாத்தாதுடா ஜீவா. அதோட சேந்து அடி."

அதோட சேந்து அடிச்சா எனக்கு வந்துச்சுக்கா. அது நின்னா திரும்பவும் ஓடும்.

காட்பாடி காலேஜு ஒண்ணுல வாசிக்கக் கூப்புட்டப்ப, ஜீவா வேணாம், பேஜாராயிடும்னு ஃபைஸான் சொல்லிட்டான். ஹேமந்தே வாசிச்சுக்கிட்டுப் பாடட்டும்னான். ஹேமந்த்தான் எனக்காகப் பேசுனான். ஞாயித்துக்கெழம ஒரு வாட்டி கேட்டுப் பாக்கலாம், அப்புறம் முடிவு பண்ணலாம்னு. எனக்கு அவன்மேல கோவமே இல்ல. அத நீங்க நம்பணும்.

அன்னைக்கு ஃபைஸான் சாப்ட்டு வர்றேன்னு சொல்லியிருந்தான். ஹேமந்த் பந்து ஆடற ட்ரவுசர்ல வந்தான். பேன்ட்ட நீங்க ஊற வெச்சிட்டீங்களாம். ட்ரவுசருக்குப் பாக்கெட் இல்ல. அதனால கட்டையப் புடுங்கி என் கையில குடுத்தான்.

"உங்கிட்டயே வெச்சிக்க. யாரு கேட்டாலும் தராத, தோஸ்த்."

யாரும் கேக்கல.

சட்டப் பாக்கெட்ல போட்டுக்கிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா தட்டுனேன். ஃபைஸான் வந்துருவான். அதுக்குள்ள ஒரே ஒரு வாட்டி சத்தத்தோட வாசிச்சுப் பாக்கணும்னு தோணுச்சு. தப்பில்லயே. கட்டையப் போட்டேன். ஆம்ப்புக்கு ஒண்ணு போதும், மெஷினுக்குத்தான் மூணும் வேணும். நான் மூணையும் போட்டேன்.

வாசிச்சேன், ஓடுச்சு. திரும்ப வாசிச்சேன், இன்னும் ஜாஸ்தியா ஓடுச்சு. உள்ளருந்து அவன் சிரிச்சான். ஓடறடா, மூச்ச வுட்டு அடின்னான். அப்புறம் சொரண்டற சத்தம் நின்னுடுச்சு.

"டேய், ஆம்ப்பு எப்பிடிடா கத்துது?"

உண்மையச் சொன்னா அவன் வெளிய வந்துருவான், கட்டையத் திருப்பிக் கேப்பான், ஆம்ப்பு நின்னுடும். எந்திரிச்சுப் போயி டிரம்மோட மூடியப் போட்டு கொக்கிய மாட்டுனேன். உள்ள சுண்ணாம்புத் தண்ணி இருந்துச்சு, சுத்துனா வெளிய தெறிக்கும். கிட்டார் நனைஞ்சா வீணாப் போயிடும். அது அவன் கிட்டாருதான.

கட்டையப் போட்டதால டிரம் தானா சுத்திருக்கலாம்னு ஒரு போலீஸ்காரரு சொன்னாராம். சுத்தாது. பச்ச பட்டன ஒருத்தர் அமுக்கணும். அமுக்குனேன். பெல்ட்டு தட்ட ஆரம்பிச்சிது.

பங்க் பாட்டெல்லாம் ரொம்ப நேரம் வராதுக்கா. டீ ஆர்றதுக்குள்ள முடிஞ்சிரும். ஒரே ஒரு பாட்டுதான் வாசிச்சேன், முடிஞ்ச ஒடனே நிறுத்திட்டேன். அதுக்கு மேல ஒரு சுத்துகூட வுடல. காத்து போவட்டும்னு மூடியயும் தெறந்து வெச்சேன். கட்டையத்தான் கழட்ட மறந்துட்டேன். பின்பக்கமாப் போயி ரோட்டுல நின்னேன். ஃபைஸான் வந்ததும் அவனோட சேந்து திரும்ப உள்ள வந்தேன். டிரம்முக்குள்ள பாத்துட்டு அவன் கத்துனப்ப நானும் கத்துனேன். அது நடிப்பில்ல, எனக்கு நெசமாவே பயமா இருந்துச்சு.

காலேஜு புரோகிராம் வேணாம்னு ஃபைஸான் சொல்லிட்டான். நான் வாசிச்சத ஒரு வாட்டி கேட்டுட்டுச் சொல்லியிருக்கலாம். கேக்கவே மாட்டேன்னுட்டான்.

நாளைக்கு நீங்க யாருகிட்ட வேணா சொல்லுங்க. காசி அண்ணன வுட்ருவாங்க. உங்க தம்பிமேல தப்பில்லன்னும் ஆயிடும்.

இதுக்குப் பின்னாடி இன்னொரு ஆடியோ வரும். அன்னைக்கு ஃபைஸானுக்குப் போட்டுக் காட்டலாம்னு ஃபோன்ல ரெக்கார்டு பண்ணிருந்தேன். மொதல்ல கொஞ்ச நேரம் டிரம்முக்குள்ளருந்து ஹேமந்த் தட்டறது கேக்கும், அதத் தள்ளி வுட்டுடுங்க. அதுக்கப்புறம் கேளுங்கக்கா. ஒரு எடத்துலகூட நான் ஓடல.