புகை வராத குற்றம்

பேட்டரியில் ஓடும் வண்டிக்குப் புகைச் சான்றிதழ் தேவையில்லை என்பது விதி. அது தெரிந்த நான் விஜயநகர் பஸ்ஸில் காதைத் தீட்டிக்கொண்டேன். முன் இருக்கையில், மடியில் ஊன்றுகோலை வைத்திருந்த பெண் தன் தோழியிடம் பொரிந்துகொண்டிருந்தாள்.

“கார் என் பேருக்கு மாறணும்னா புகை சர்டிஃபிகேட் வேணுமாம். புகையே விடாத வண்டிக்கு எவன் கொடுப்பான்?”

“உன் தீப்பெட்டிக் காருக்கா?”

“கேலி பண்ணாதே. மண்டி மொஹல்லா சந்துல, நான் வேலை பாக்கற கடை வாசல் வரைக்கும் போற கார் அது ஒண்ணுதான். செகண்ட்ஹேண்ட்ல வாங்கி மூணு மாசமா நிக்குது. நான் பஸ்ஸை விட்டு இறங்கி இந்தக் கோலோட நடக்கறேன்.”

“புகை டெஸ்ட் பண்றவன்கிட்ட போனியா?”

“போனேன். குனிஞ்சு குனிஞ்சு குழாயைத் தேடினான். அப்புறம் ‘ஹொகே எல்லி அக்கா?’ன்னு என்னையே கேக்கறான். புகை எங்கேன்னு!”

“ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு எழுதிப் போடறதுதானே?”

“போட்டேனே, கன்னடத்துலயே. ‘ஹொகே பர்த்தில்லா’ன்னு.”

“அய்யோ, ‘பரோல்லா’ன்னு எழுதணும்டி. அதுதான் வரவே வராதுன்னு அர்த்தம். பர்த்தில்லான்னா, வந்துட்டிருந்தது இப்ப வரலைன்னு நினைப்பாங்க.”

“அப்படித்தான் நினைச்சிருக்காங்க. வண்டியைப் பழுது பாத்துட்டுக் கொண்டுவான்னு பதில் போட்டிருக்காங்க.”

“எப்ப வந்தது?”

“காருக்கு மாலை வாங்கிட்டு வீட்டுக்கு வரேன், கதவுல சொருகியிருக்கு. ஆயுத பூஜைக்கு முதல் நாள்.”