எடுத்துக் கொடுப்பவள்

எடப்பாடியிலிருந்து சேலம் போகும் பேருந்தில் என் மூட்டைமேலேயே உட்கார்ந்திருந்தேன். முன் இருக்கையில் ஒரு தாயும் மகளும். அருகே கைக்குழந்தையோடு இருந்த பெண்ணிடம் தாய், "எம்பொண்ணு மருந்துக்கடையில பார்மசிஸ்ட்டுங்க. அவளையே கேளுங்க" என்றாள்.

அந்தப் பெண் இரண்டு மருந்துப் பாட்டில்களை நீட்டினாள். "ஏங்கண்ணு, கொழந்தைக்குக் காய்ச்சல். காலைல இதக் குடுத்தேன். இப்ப இதையும் குடுக்கலாமா?"

மகள் பாட்டில்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்குத் தெரியாதுங்கக்கா."

"என்ன சாமி, தெனமும் குடுக்கறவளுக்குத் தெரியாதா? ஆறு மாசம் படிச்சயே?" என்றாள் தாய்.

"அது மருந்த அடுக்கி, எடுத்துக் குடுக்கறதுக்குங்மா. எப்படிச் சாப்பிடறதுன்னு சொல்றது எங்க கடை அக்கா. அவங்கதான் பார்மசிஸ்ட். ரெண்டு வருசம் படிச்சுப் பதிவு பண்ணியிருக்காங்க."

கைப்பேசியில் அந்த அக்காவை அழைத்து, பாட்டில்களில் இருந்ததை எழுத்தெழுத்தாகப் படித்தாள். பேருந்தே கேட்டது.

"ரெண்டும் ஒரே மருந்தாமுங்க. சேத்துக் குடுத்துராதீங்க" என்றாள்.

குழந்தைக்காரி பாட்டில்களை வாங்கிக்கொண்டாள். சற்று நேரம் கழித்துத் தாய் தணிந்த குரலில் கேட்டாள். "அப்ப வெள்ளக் கோட்டுப் போட்டு ஒரு போட்டோ அனுப்புனியே?"

"அது அந்த அக்காவோட கோட்டுங்மா."

"அந்தப் போட்டோவத்தான் மாப்ள ஊட்டுக்குக் குடுத்திருக்கறேன்" என்று சொல்லிவிட்டுத் தாய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.