சிரிக்கக் கூடாத நாட்கள்

பாபநாசம் பேருந்து வண்ணார்பேட்டையை விட்டுக் கிளம்பியதும், முன்சீட்டுக்காரர் பக்கத்திலிருந்த நண்பரிடம் சொன்னார்: "தியேட்டர்ல மெயின் படத்துக்கு முன்னால போடுவாம்லா, பூனை எலி கார்ட்டூன்? அதுல பிந்தி எடுத்ததெல்லாம் மட்டம். மட்டமா எடுத்தவனுக்கு ஒரு கும்பிடு போடணும் வே."

"எதுக்கு வே?"

"வீட்டுக்காரிக்கு வயித்துல ஆபரேசன். சிரிச்சா தையல் விட்டுரும்னு டாக்டர் சொல்லிட்டாரு. அவளுக்கோ கார்ட்டூன் இல்லாமப் பொழுது போவாது. முந்தி எடுத்ததப் போட்டா உருண்டு உருண்டு சிரிப்பா. அதான் செல்லுல பிந்தினதாப் பாத்துப் போட்டேன். பூனை ஓடுது, பின்னால அதே மரம் திரும்பத் திரும்ப வருது. அவ சிரிக்கவே இல்ல."

"இப்பம்?"

"நேத்து தையல் பிரிச்சாச்சு. வீட்டுக்கு வந்ததும் பழசு ஒண்ணப் போட்டேன். அவ வயித்தப் புடிச்சிட்டுச் சிரிக்கா. நான் அடுப்படிக்குப் போயி அழுதேன் வே."