பலகையில் எழுதியிருந்தது

முதுகுப்பை ஏழு கிலோவுக்கு மேல் போகக் கூடாது. புதிதாக ஊர் சுற்றக் கிளம்புகிறவர்கள் யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான். இரண்டு கால்சட்டை, மூன்று மேல்சட்டை, ஒரு துண்டு, ஒரு மழைக்கோட்டு போதும். 'ஒருவேளை தேவைப்படுமோ' என்று எடுத்துவைக்கிற எதுவும் தேவைப்படாது. பதினொரு மாதமாக இந்த ஊரில் இருக்கிறேன். இன்றுவரை எனக்குத் தேவைப்படவில்லை.

ஐயா, உங்கள் மொழி எனக்கு நன்றாகவே வரும். நேற்று இரண்டு மணி நேரம் அதில்தான் பேசினோம். ஆனால் எழுதுவதை என் மொழியில் எழுதுகிறேன் என்றேன், மறுக்காமல் தாள் கொடுத்தீர்கள். மொழிபெயர்க்கிற அம்மா இதை உங்களுக்குப் படித்துச் சொல்வார். அவர் ஒரு வரியை மாற்றிச் சொன்னாலும் உங்களால் கண்டுபிடிக்க முடியாது. அவர் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். என் வீட்டில் எல்லோரும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்கள், இருபது வருடம், என் வாயைப் பார்த்துக்கொண்டு.

எங்கள் பரம்பரையிலேயே பட்டம் வாங்கியது நான் ஒருத்திதான். அதைச் சொன்னால் எல்லோரும் கை கொடுக்கிறார்கள். அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்று யாரும் கேட்பதில்லை. ஏழு வயதில் மின்கட்டண அட்டை படிக்க ஆரம்பித்தேன். பிறகு பத்திரம், மனு, மருந்துச் சீட்டு, பக்கத்து வீட்டுக்காரரின் கோர்ட்டு நோட்டீஸ். "பாப்பா, இதுல என்ன போட்டிருக்கு?" சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்தாலும் தாளை நீட்டுவார்கள். அப்பாவின் பரிசோதனை அறிக்கையும் என்னிடம்தான் வந்தது. எனக்குப் பதினான்கு வயது. மருத்துவர் நாளை வாருங்கள் என்று உறையை ஒட்டிக் கொடுத்திருந்தார். பொறுக்காமல் பேருந்து நிறுத்தத்திலேயே பிரித்தார்கள். அம்மா, அண்ணன், அப்பா மூன்று பேரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். படித்தேன். சொன்னேன். பேருந்து வந்தது, ஏறினோம். அன்றைக்குச் சரியாகத்தான் படித்தேன்.

காப்பீட்டு நிறுவனத்தில் எனக்கு வேலை. அங்கும் அடுத்தவன் தாளைப் படிப்பதுதான். மூன்று வருடம் கழித்து இருபது நாள் விடுப்பில் இங்கே வந்தேன். இந்த ஊரைத் தேர்ந்தெடுக்கப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. விமானச் சீட்டு கிடைத்தது.

முதல் வாரத்தில் எனக்கு இங்கே ஒரு எழுத்தும் தெரியாது. கடைப் பெயர், தெருப் பெயர், பேருந்தின் நெற்றி எல்லாமே கிறுக்கல். அந்தச் சுகத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு சுவரைச் சுவராக மட்டும் பார்த்தேன். காலையில் ஏதாவது ஒரு டிராமில் ஏறி, கடைசி நிறுத்தத்தில் இறங்கி, நடந்து திரும்புவேன். பாலத்தடியில் டிரம்ஸ் வாசிக்கிறவர்கள், பழைய பூட்டும் கதவுக் கைப்பிடியும் மட்டும் விற்கிற சந்து, மீன் ஏலம் முடிந்து தரையைக் கழுவிவிடுகிற நேரத்தில் வரிசையாக வந்து நிற்கும் பூனைகள். எங்கே போகிறாய் என்று ஒரு ஜீவன் கேட்கவில்லை.

இருபதாவது நாள் நான் விமான நிலையத்துக்குப் போகவில்லை. மொழி வகுப்பில் பெயர் கொடுத்து விசாவை நீட்டினேன். காலையில் விடுதியில் பதினெட்டு அடுக்குக் கட்டில்களுக்கு விரிப்பு மாற்றினால் பத்தொன்பதாவது எனக்கு. ஜன்னலோரம், மேல் கட்டில். ஆறு மாதத்தில் எனக்கு 'வரைபடம்' என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். புதிதாக வருகிறவர்கள் கையிலிருக்கும் போனை விட்டுவிட்டு என்னிடம் வழி கேட்பார்கள். வீட்டில் அலுவலகமே என்னை இங்கே அனுப்பியிருப்பதாகச் சொல்லியிருந்தேன். வாரத்துக்கு இரண்டு தாளைப் படமெடுத்து அனுப்புவார்கள். படித்துச் சொல்லிவிட்டு வெளியே போய்விடுவேன்.

பிறகு அண்ணன் வந்தான்.

அவனைப் பற்றி நீங்கள் நல்லவிதமாகக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. என்னைவிட எட்டு வயது மூத்தவன். ஒன்பதாவதோடு நிறுத்திக்கொண்டு லோடு வண்டி ஓட்டப் போனான். அதனால்தான் நான் படித்தேன். அவனுக்கு எழுத்துக்கூட்டுவதுகூட மறந்துபோயிற்று. இதை அவன் ஒருமுறைகூடச் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் எனக்குச் சண்டை போடவாவது வசதியாக இருந்திருக்கும். வேலைக் கதை பொய் என்று எப்படியோ தெரிந்துகொண்டு, என்னை நேரில் பார்க்கப் பத்து நாள் வருவதாகச் சொன்னான். அவனுடைய விசா விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்ததும் நான்தான்.

தரதரவென்று இழுத்துக்கொண்டு போக வருகிறான் என்றுதான் நினைத்தேன். முதுகுப்பையைக் கட்டியே வைத்திருந்தேன். அவன் "கிளம்பு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கிளம்பியிருப்பேன். கத்தியிருப்பேன், அழுதிருப்பேன், ஆனால் கிளம்பியிருப்பேன். இதை மொழிபெயர்க்கிற அம்மா அழுத்திப் படிக்கட்டும்.

அவன் அப்படிச் சொல்லவே இல்லை. விடுதி அறையைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "என்ன பாப்பா, ரயில் பெட்டி மாதிரி அடுக்கி வெச்சிருக்காங்க. ஊர் எப்ப வரும்?"

"இதான் ஊரு. இறங்கு" என்றேன்.

"ஆபீஸ்ல அனுப்பினாங்கன்னு சொன்னியே, இதானா ஆபீஸ்?"

"திட்டணும்னா திட்டிடு அண்ணா. சும்மா சுத்தி வளைக்காத."

"நான் எதுக்குத் திட்டப்போறேன். இளைச்சுப் போயிருப்பேன்னு பயந்துட்டு வந்தேன். நல்லா உருண்டையாத்தான் இருக்க."

ஐந்து நாள் ஊரைச் சுற்றிக் காட்டினேன். எனக்கு மட்டும் தெரிந்த சந்துகள் எல்லாவற்றுக்கும் கூட்டிப்போனேன். அவனுக்கு எல்லாமே பிடித்துப்போனது. லாரிக்காரர்களைப் பார்த்து வாயைப் பிளந்தான். "ஒருத்தனும் ஹாரன் அடிக்க மாட்டேங்கிறானே. கையைக் கட்டிப் போட்ட மாதிரி இருக்காது இவனுங்களுக்கு?" சந்தையில் மூட்டை இறக்குகிறவர்களோடு சைகையிலேயே பேசி, ஒரு கை பிடித்து, அவர்களோடு உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டு வந்தான். மூன்றாம் நாளே இந்த ஊரில் அவனுக்கு நான்கு நண்பர்கள். எனக்குப் பதினொரு மாதத்தில் ஒருவரும் இல்லை. நானாகத்தான் வைத்துக்கொள்ளவில்லை.

ஐந்தாம் நாள் மத்தியானம் பெரிய பாலத்தின் நடுவில் நின்று சொன்னான்.

"நீ இங்க இருந்தது தப்பே இல்ல பாப்பா. வந்து பாத்தாத்தானே தெரியுது. நானும் ஒரு முடிவு பண்ணிட்டேன்."

"என்ன முடிவு?"

"சந்தைல ஆளு தேவைப்படுதாம். அந்த மீசைக்காரரு முதலாளிகிட்ட பேசறேன்னு சைகை காட்டினாரு. நான் போய் உன் அண்ணியையும் எங்க பொண்ணையும் கூட்டிட்டு வந்துடறேன். அம்மாவையும்தான், அங்க தனியா எதுக்கு? ஒரு வீடா பிடிச்சுக்கலாம்."

"பாஷை தெரியாம என்ன பண்ணுவீங்க?"

"எங்களுக்கு எதுக்கு பாஷை? அதான் நீ இருக்கியே."

சொல்லிவிட்டு என் தலையில் லேசாகத் தட்டினான். கீழே படகு போனது. அவன் கையசைத்தான், படகில் இருந்தவர்களும் அசைத்தார்கள்.

நீங்கள் நேற்று கேட்டீர்கள், அந்த ஒரு வாக்கியத்துக்காகவா என்று. ஆமாம், அதற்காகத்தான். ஒரு ஆண்பிள்ளை வீட்டை விட்டுப் போய்ப் பத்து வருடம் திரும்பாவிட்டால் பிழைக்கப் போயிருக்கிறான் என்பார்கள். எனக்கு ஒரு ஊர்தான் கிடைத்தது. வாடகைச் சீட்டு, பள்ளிக்கூட விண்ணப்பம், அம்மாவின் மருந்துச் சீட்டு என்று இந்த ஊரின் ஒவ்வொரு கிறுக்கலையும் நான் அவர்களுக்குப் படித்துச் சொல்லிக்கொண்டே சாக வேண்டும் என்று அவன் சிரித்துக்கொண்டே முடிவு செய்துவிட்டான். என்னிடம் கேட்கக்கூட இல்லை. கேட்க வேண்டும் என்று தோன்றாத அளவுக்கு என்மேல் பாசம்.

மறுநாள் கலங்கரை விளக்கத்துக்குப் போனோம். உங்களுக்குத் தெரிந்த இடம், ஆனாலும் முழுதாக எழுதச் சொன்னீர்கள். கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல்பாதை, நடந்து போக இருபது நிமிடம். தண்ணீர் இறங்கும்போது பாதை வெளியே தெரியும், ஏறும்போது மூழ்கிவிடும். துறைமுக ஊழியர் தினமும் காலையில் பலகையில் சாக்குக்கட்டியால் நேரத்தை மாற்றி எழுதிவிட்டுப் போவார். அன்றைக்கு எழுதியிருந்தது இதுதான்: 'இரண்டு முப்பதுக்குள் கரைக்குத் திரும்பவும். அதன் பின் பாதை மூழ்கும்.' கூட்டம் வரும் பருவம் முடிந்துவிட்டதால் காவலுக்கு ஆள் இல்லை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இரண்டு இருபது.

அண்ணன் விடுதியின் மஞ்சள் மழைக்கோட்டைப் போட்டிருந்தான். பலகையைப் படமெடுத்துக்கொண்டான். எண் மட்டும் அவனுக்குப் புரிந்தது.

"ரெண்டு முப்பதுன்னு போட்டிருக்கே. என்ன அது?"

"ரெண்டரைக்கு மேலதான் விடுவாங்க" என்றேன்.

"எல்லாரும் திரும்பி வர்றாங்களே?"

"அவங்க காலைல போனவங்க."

"நீ வரலையா?"

"நான் பத்து தடவை பாத்தாச்சு. நீ போய் நிதானமா பாத்துட்டு வா."

இரண்டரைக்குக் கரையில் மணி அடித்தது. பாதை மூடுகிறது என்று எச்சரிக்க, தானாக அடிக்கும் மணி. அண்ணனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "பள்ளிக்கூடம் மாதிரி பெல் அடிச்சு விடறாங்க பாரு" என்று சொல்லிவிட்டு நடந்தான். அவன் வேகமாக நடக்கிற ஆள் இல்லை.

கடைசியாகத் திரும்பி வந்த ஒரு தம்பதி செருப்பைக் கையில் பிடித்திருந்தார்கள். அந்தப் பெண் திரும்பிப் பார்த்துவிட்டு, இந்த நேரத்தில் அவர் உள்ளே போகிறாரே, கூப்பிட வேண்டாமா என்று உங்கள் மொழியில் என்னிடம் கேட்டார். அவர் துறைமுக ஊழியர், விளக்கைப் பழுது பார்க்கப் போகிறார் என்றேன். மஞ்சள் கோட்டு அதற்குப் பொருத்தமாக இருந்தது. அந்தத் தம்பதியை நீங்கள் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. நானாகத்தான் சொல்கிறேன். எதையும் மறைக்கிற ஆள் நான் இல்லை.

பாதிப் பாதையில் அவன் நின்று திரும்பிக் கையசைத்தான். நானும் அசைத்தேன். அப்போது பாதையின் இரண்டு பக்கமும் நனைய ஆரம்பித்திருந்தது. குரல் கொடுத்திருந்தால் கேட்டிருக்கும். அவனுக்கு நீச்சல் தெரியாது, அதுவும் எனக்குத் தெரியும். மூன்று பத்து டிராமில் ஏறினேன். பாதி வழியில் ஒரு முதியவர் ஏறினார், எழுந்து இடம் கொடுத்தேன். ஐந்து மணிக்கு உங்கள் காவல் நிலையத்துக்கு வந்து அண்ணனைக் காணவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். பலகை படிக்கத் தெரியாமல் போயிருப்பான் என்று நீங்களே சொன்னீர்கள். எனக்குத் தண்ணீர் கொடுத்தீர்கள்.

நான் நினைக்காதது அண்ணியைத்தான். பேருந்து எண்ணைத் தவிர எதையும் அவள் படித்து நான் பார்த்ததில்லை. கல்பாதையில் நடந்துகொண்டே அண்ணன் பலகைப் படத்தை அவளுக்கு அனுப்பியிருக்கிறான். கூடவே குரலையும். "ரெண்டரைக்கு மேலதான் விடுவாங்களாம், பாப்பா படிச்சுச் சொன்னா. வர்றப்ப உன்னையும் கூட்டிட்டு வரணும்." ஊரில் அண்ணனின் காரியமெல்லாம் முடிந்த பிறகு, எதிர்வீட்டுக் கல்லூரிப் பெண்ணின் போனை அந்தப் படத்தின்மேல் காட்டினாளாம். எந்த மொழிப் பலகையையும் மாற்றிக் கொடுக்கிற வசதி போனிலேயே இருக்கிறதே. அண்ணன் போனிலும் இருந்தது. நான் பக்கத்தில் நிற்கும்போது அவன் எதற்கு அதைத் திறக்கப் போகிறான்.

நேற்று அண்ணியின் குரலை எனக்குப் போட்டுக் காட்டினீர்கள். அவள் அழவில்லை. "பாப்பா தப்பாப் படிக்க மாட்டாளேங்க, ஒரு தடவை நல்லாப் பாத்துச் சொல்லுங்க" என்று உங்களிடம் கெஞ்சுகிறாள். அவளுக்குச் சொல்லிவிடுங்கள். நான் தப்பாகப் படிக்கவில்லை. சரியாகப் படித்துவிட்டுத்தான் மாற்றிச் சொன்னேன். தண்ணீர் ஏறும் நேரம் தெரிந்து, அவனைக் கொல்ல வேண்டும் என்று தெரிந்தேதான் அனுப்பினேன். தள்ளிவிட்டதாக எழுத வேண்டாம், நான் தொடவில்லை. மற்றபடி கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பலகை எழுதிய ஊழியரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறீர்களாம். அவரைத் திரும்பக் கூப்பிடுங்கள். அவர் எழுத்து தெளிவாகத்தான் இருந்தது.

வருத்தம் உண்டா என்று கேட்டு ஒரு கட்டம் போட்டிருக்கிறீர்கள். அதைக் காலியாக விடுகிறேன். அண்ணனை எனக்குப் பிடிக்கும். அந்தக் கட்டத்துக்குள் அது அடங்காது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இரண்டு நாட்டுக்கும் ஒப்பந்தம் இருப்பதாகவும், தண்டனையைச் சொந்த ஊர்ச் சிறையிலேயே கழிக்க மனு போடலாம் என்றும் வழக்கறிஞர் சொன்னார். என் அம்மா வாரம் ஒருமுறை வந்து பார்க்கலாமாம். வேண்டாம். அந்த மனுவில் கையெழுத்துப் போட மாட்டேன். எத்தனை வருடமானாலும் சரி, என்னை இங்கேயே வையுங்கள். இந்த ஊரில் நான் இன்னும் பார்க்காத இடம் நிறைய இருக்கிறது.