முப்பது மட்டும் எண்ணியது

குட்செட் பஸ் நிலையத்தில் குண்டசாலை பஸ் ஆள் சேரும்வரை நின்றது. எனக்கு முன் இருக்கையில் ஒரே அலுவலகத்துப் பெண்கள் இருவர். மூத்தவர் யாழ்ப்பாணம், இளையவர் மலையகம் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

“காலையில செத்துக் கிடந்த என் லெப்டொப்ப எழுப்புனீங்களே அக்கா, அந்த வித்தைய யாரு சொல்லிக்குடுத்தா?”

“ஒரு ஆமிக்காரன். துவக்கைக் கீழ வச்சிட்டுத்தான் பெட்டரியைக் கழட்டினவன்.”

இராணுவம், துப்பாக்கி என்றதும் நான் படித்துக்கொண்டிருந்த பத்திரிகை அத்தோடு முடிந்தது.

“ஆமிக்காரனா!”

“ஓம் பிள்ளை. சண்டை நேரம், செக்பொயின்ற்ல லப்டொப்பைப் போட்டுக் காட்டச் சொன்னவன், குண்டோ எண்டு பாக்க. அது வேலை செய்யேல்ல. எனக்கு உயிரே போட்டுது.”

“ஐயோ, அப்புறம்?”

“பெட்டரியைக் கழட்டிப்போட்டு, சுவிச்சை அமத்திப் பிடிச்சு ஒண்டில இருந்து முப்பது மட்டும் எண்ணச் சொன்னான். எனக்குத் தெரிஞ்ச சிங்களத்தில எண்ணினன். பதினொண்டில நாக்கு ஒட்டிட்டுது. மிச்சத்தை அவன்தான் எண்ணினவன். மெதுவா, குழந்தைக்கு எண்ணிக் காட்டுற மாதிரி.”

இளையவர் வாயில் கை வைத்தார். “வெடிச்சிருமோன்னு அவனுக்குப் பயமில்லயா?”

“பெட்டரியைத் திருப்பிப் போட்டு அமத்தினன். வெளிச்சம் வந்தது. ரெண்டு பேரும் ஒண்டா மூச்சு விட்டம்.”

பஸ் உறுமியது.

“அவன் ஒண்ணுமே சொல்லலயா அக்கா?”

“சிரிச்சவன். பிறகு துவக்கை எடுத்துத் தோளில கொழுவிக்கொண்டு, எனக்குப் பின்னால நிண்ட மனிசியின்ர பையைத் திறக்கச் சொன்னவன்.”