இரண்டு சாதி ஆணி

— மூண்டு மாதமும் உப்புத்தண்ணியிலையே கிடந்ததோ?

— ஓம். தொண்ணூற்றிரண்டு நாள்.

— கறள், துரு ஏதும்?

— ஒரு பொட்டும் இல்லை. இந்தா, பிடிச்சுப் பார்.

— இதுதானோ என்ரை முதுகுக்குள்ளை வைக்கப்போற கம்பி? ...குளிருது, அண்ணை.

— இது வெட்டின துண்டு. உனக்கு ஒரு சாணுக்கு மேலை வரும். டொக்டரிட்டைக் கெஞ்சி வாங்கினனான்.

— உங்கடை பேராசிரியர் ஏசேல்லையோ? தண்ணியைப் பிரிக்கிற ஆராய்ச்சியை விட்டிட்டுத் தங்கச்சியின்ரை கம்பியை ஊறப்போட்டிருக்கிறியள்.

— ஏசினவர். பிறகு தானே வந்து குனிஞ்சு பார்த்தவர்.

— அந்த ஆராய்ச்சியை அம்மாவுக்கு விளங்கப்படுத்த நான் பட்ட பாடு... "தண்ணிக்குள்ளை கரண்ட் விடுகினம்" எண்டன். "மாதாவே, என்ரை பிள்ளை!" எண்டு செபமாலையைக் கையிலை எடுத்திட்டா.

— கரண்ட் விட்டால் தண்ணி இரண்டு வாயுவாய்ப் பிரியும். பிளாட்டினம் பக்கத்திலை நிண்டால் கெதியாப் பிரியும். தான் கரையாது, மாறாது. ஆனால் விலையை நினைச்சால் தலை சுத்தும். அதுக்குப் பதிலா மலிவான உலோகம் ஒண்டு தேடுறம்.

— கிடைச்சதோ?

— எல்லாத்தையும் உப்பு அரிச்சுப்போடுது.

— இதை அரிக்கேல்லை.

— ...ஓம்.

— அப்ப இந்த ஒப்பரேசன் சம்மதக் கடுதாசியிலை வையுங்கோவன் கையெழுத்தை. "பாதுகாவலர்: பஸ்ரியாம்பிள்ளை சில்வெஸ்ரர்." திகதியிலை 1974 எண்டு நானே போட்டிட்டன். நீங்கள் வைச்சால்தான் அம்மா என்னைக் கொழும்புக்கு விடுவாவாம்.

— பொறு, மேரிறோஸ்.

— லோஞ்சுப் படகு பொறுக்காது.

— நூறிலை ஒருத்தருக்குக் கால் வழங்காமல் போகலாம் எண்டு டொக்டர் சொன்னவர்.

— ஒப்பரேசன் செய்யாட்டில்? நீங்கள் சொல்லமாட்டியள். முதுகு வளைஞ்சு வளைஞ்சு நெஞ்சை நெரிக்குது. வீட்டிலை இருந்து இந்த இறங்குதுறைக்கு வர மூண்டு தரம் இருந்து எழும்பினனான். பதினாறு வயசிலை! பள்ளிக்கூடத்திலை "றால்" எண்டு கூப்பிடட்டும். றாலுக்கும் மூச்சு வேணுமெல்லே?

— பகிடி விடாதை.

— அப்ப சொல்லுங்கோ. எதுக்குப் பயப்பிடுறியள்?

— கம்பியைப் பிடிக்க இரண்டு கொழுக்கி பூட்டுவினம். அதுவும் இதே உருக்குத்தானாம். ஆனால் ஒண்டு மாறிப்போனால்... இரும்புக் கம்பியிலை செப்புத் துண்டைக் கட்டிப் பார்த்தனான். பத்து நாளிலை இரும்பு பொரிஞ்சு போச்சு.

— முதுகுக்குள்ளை ஆர் அண்ணை செப்பு வைக்கினம்? அப்பா சொல்லுவர், "ஒரு பலகையிலை இரண்டு சாதி ஆணி அடியாதேங்கோ. கடல் தண்ணியிலை செப்பு இரும்பைத் திண்டுபோடும்" எண்டு.

— விடு.

— அவர் வள்ளத்தைக் கரையிலை விட்டிட்டு ஊர்காவற்றுறைக்குப் போன அண்டு அதின்ரை அடிப்பலகை கழண்டு கிடந்தது. நீங்கள்தானே அடிச்சனீங்கள்?

— உனக்கு எப்பிடி... ஓம். நான்தான். பெட்டியிலை இரும்பாணி முடிஞ்சுபோச்சு. ஆறு செப்பாணி கிடந்தது. பழைய இரும்பாணியளுக்குப் பக்கத்திலையே அடிச்சன். மேலை தாரைப் பூசி மறைச்சன். அப்பாவுக்குச் சொல்லேல்லை. ஆணி அடிச்சு ஏழாம் மாதம் எழுவைதீவுக்கு அங்காலை பலகை பிரிஞ்சு... அவரின்ரை உடம்புகூடக் கிடைக்கேல்லை. ஒன்பது வருஷம், ஒருத்தருக்கும் வாய் திறக்கேல்லை. அதே கையாலை உனக்கு எப்பிடியடி நான் கையெழுத்து வைக்கிறது?

— ...அந்தச் செப்பாணி பெட்டிக்குள்ளை எப்பிடி வந்ததெண்டு யோசிச்சனீங்களோ?

— அப்பா வைச்சிருப்பர்.

— இல்லை. இரும்பாணி முடியேல்லை, அண்ணை. விளையாட எடுத்து மணலுக்குள்ளை துலைச்சது நான். அடி விழும் எண்ட பயத்திலை, கரையொதுங்கின கப்பல் பலகையிலை தளர்ந்து கிடந்த ஆறு ஆணியைக் கழட்டிப் பெட்டிக்குள்ளை போட்டனான். எனக்கு ஏழு வயசு. நானும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை... லோஞ்சு ஊதுது. இந்தாங்கோ பேனை. கையெழுத்தை வையுங்கோ, அண்ணை.