வழக்கில்லாத மாஸ்டர்

பரோட்டா சூடாக இருக்கும்போதே சால்னாவை ஊற்றிவிட வேண்டும். ஆறவிட்டால் எந்த மாஸ்டர் போட்டாலும் தோல்தான். அன்னவாசல் சாலையில் என் மெஸ்ஸுக்கு வந்தவர்களுக்கு இது தெரியும். சித்தன்னவாசல் ஓவியம் பார்க்கக் காரில் வருகிறவர்கள்கூட, திரும்பும்போது பேசுவது என்னவோ எங்கள் பரோட்டாவைப் பற்றித்தான்.

ஆளை எப்படிப் பிடிக்கிறேன் என்று நீங்கள் ஆசையாகக் கேட்பதால் சொல்கிறேன். மற்ற கடைக்காரர்கள் ஆள் எடுக்கும்போது, "மேல கேசு ஏதும் இருக்கா?" என்று கேட்பார்கள். இருந்தால் வாசலோடு அனுப்பிவிடுவார்கள். நானும் அதையே கேட்பேன். இருந்தால் உடனே சேர்த்துக்கொள்வேன். அடிதடியில் உள்ளே போய்வந்த வெற்றிசெல்வன் அப்படி வந்தவன்தான். சந்தனம் ஒரு காலத்தில் பிறத்தியார் பைக்கை ஓட்டிக்கொண்டு போனவன்; இன்று கல்லாச் சாவியே அவனிடம்தான்.

அவர்கள் சம்பளம் கூட்டிக் கேட்பதில்லை. தீபாவளிக்கும் லீவு கேட்பதில்லை. போவதற்கு வேறு கடையும் இல்லை. அதையெல்லாம் பாசம் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

பிரவீன்குமார் மட்டும் வழக்கு எதுவும் இல்லாமல் வந்துவிட்டான். கொடும்பாளூர்ப் பையன். வெற்றிசெல்வன் விடுவானா?

"ஏப்பா, ஒரு கோழி திருடுன கேசுகூட இல்லையா? என்ன தகுதியில ஒன்ன உள்ள விட்டாங்க?"

"ஒங்க பேரச் சொல்லித்தாண்ணே நொழைஞ்சேன்."

அடுப்படியே சிரித்தது. அவன் வீசினால் மாவு துணி விரித்தது போல மேசையில் விழும். கொஞ்ச நாளில் அவனைத் தேடியே கூட்டம் வந்தது.

போன தை மாதம் மைசூர்பாகோடு வந்து நின்றான்.

"ஆத்தா, சிங்கப்பூர்ல ஓட்டல் வேல அமைஞ்சிருச்சு. போலீஸ் சர்டிபிகேட் வந்துட்டாக் கெளம்பிருவேன். கார்த்திகா மாசமா இருக்கா. பொறக்குற பிள்ளையவாவது ஒழுகாத வீட்டுல வச்சிருவேன்."

நல்ல நெய்யில் செய்த மைசூர்பாகு. இரண்டு சாப்பிட்டேன். அப்புறம்தான் யோசனை வந்தது. கண்காணாத ஊரில் இவனை யார் பார்த்துக்கொள்வார்கள்? என் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி, அவன் பையில், மடித்த சட்டைகள் கலையாமல் அடியில் வைத்தேன். ஆட்டோ பிடித்து ஸ்டேஷனுக்குப் போய் நானே புகார் எழுதிக் கொடுத்தேன். ஏட்டையா வந்து தேடினார். கிடைத்தது.

ஜாமீனுக்கு வக்கீல் வைத்ததும் நான்தான், அதை மறந்துவிடாதீர்கள். கார்த்திகாவுக்குப் பிரசவக் காய மருந்து இடித்ததும் என் கையால்தான். சர்டிபிகேட் வரவில்லை. சிங்கப்பூர்க்காரர்கள் வேறு மாஸ்டரைப் பார்த்துக்கொண்டார்கள்.

வெளியே வந்தவன் நேராக என்னிடம் வந்தான்.

"சத்தியமா நான் எடுக்கல ஆத்தா."

"தெரியும்ப்பா. ஆனா கோர்ட்டுக்குப் போயிருச்சே, என்ன செய்யிறது? நீ மாவப் பிசை."

நான் பொய் சொல்லவில்லை, பாருங்கள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"ஒங்கள விட்டா இனி எனக்கு யாருங்க ஆத்தா வேல குடுப்பா?"

அவனுக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. நான் அதைத் தை மாதமே யோசித்துவிட்டேன். பெற்ற தாய்கூடப் பிள்ளைக்காக அவ்வளவு தூரம் யோசித்திருக்க மாட்டாள்.